புரோகிராமர்களும் டாக்டர்களும் மட்டும்தானா? உலக டிஜிட்டல் சுகாதாரக் குழுக்களில் யார் வேலை செய்கிறார்கள்?

சிப்புட்மலர் கேட்டது:

வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் கவுண்டரில் வேலை செய்கிறேன். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்து, அலுவலக நிர்வாகத்தில் ஒரு டிப்ளோமா, அதோடு படிப்பு நின்றுவிட்டது. புரோகிராம் எழுதத் தெரியாது. எக்செல் நன்றாக வரும்.

போன வாரம் ஒரு வேலை விளம்பரம் கண்ணில் பட்டது. பல நாடுகளில் ஆள் வைத்திருக்கும் டிஜிட்டல் சுகாதாரக் குழுவாம். வீட்டிலிருந்தே வேலை, கிளினிக் அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. அவர்கள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் வரிசையாகச் சிரித்த முகங்கள், ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஒரு பதவி, அதில் பாதி எனக்குப் புரியவில்லை. அண்ணனிடம் காட்டினேன். "இதெல்லாம் புரோகிராமரும் பெரிய டாக்டரும் செய்கிற வேலை, நீ அங்கே போய் என்ன பண்ணப் போறே" என்றான். அம்மா வழக்கம் போல அரசாங்க வேலைக்கு எழுதிப் போடச் சொல்கிறார்.

என் வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றியிருக்கிற தோட்டத்துக்காரர்கள், கொஞ்சம் பேர் நேப்பாளி, வங்காளதேசித் தொழிலாளர்கள். பெயரைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. ஒரே பாட்டி கம்ப்யூட்டரில் மூன்று எழுத்துக்கூட்டில் மூன்று ஆளாக இருப்பார். வெளிநாட்டுத் தொழிலாளி பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் நம்பர் மாறிவிடும், பழைய மருந்துக் கணக்கெல்லாம் பழைய நம்பரிலேயே தங்கிவிடும். யாருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தக் குறிப்பு எந்தப் பதிவில் கிடக்கிறதென்று டாக்டருக்குத் தேட நேரமிருக்காது.

கேள்வி இதுதான். இந்த மாதிரிக் குழுக்களில் உண்மையில் யார் யார் இருக்கிறார்கள், நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? என் மாதிரி ஆளுக்கு இடம் உண்டா? வேலை நிரந்தரமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பயமுறுத்துவதானாலும் பரவாயில்லை.


கங்சார்_ஜாவா எழுதியது:

தங்கச்சி, நான் கோலகங்சார் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன், இப்போது பினாங்கில் மென்பொருள் வேலை. ராத்திரி நேரத்தில் ஓப்பன்எம்ஆர்எஸ் என்கிற திறந்த மூல (அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) மருத்துவப் பதிவு மென்பொருளுக்குக் கொஞ்சம் நிரல் எழுதிக் கொடுக்கிறேன், சம்பளம் இல்லாமல். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் நினைப்பது போலத்தான் நானும் உள்ளே போகும்போது நினைத்தேன், எல்லாரும் என்னை மாதிரி ஆட்களாக இருப்பார்கள் என்று. முதல் வாரக் கூட்டத்திலேயே பாதிப்பேர் நிரல் பக்கமே போகாதவர்கள் என்று தெரிந்துபோயிற்று. இதன் பிறப்பைப் பார்த்தாலே புரியும். கென்யாவில் எல்டோரெட் பக்கம் மொசோரியோட் என்கிற ஊரில் ஒரு சுகாதார நிலையம். 2001இல் அங்கே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு சின்னப் பதிவு முறை போட்டார்கள். எச்ஐவி சிகிச்சை பெரிதாக வந்தபோது அது தாங்கவில்லை. 2004இல் அமெரிக்காவின் ரீஜென்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பயோண்டிச், பர்க் மாம்லின் இருவரும் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள், அதுதான் ஓப்பன்எம்ஆர்எஸ். இருவருமே டாக்டர்கள். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பின் ஹேமிஷ் ஃப்ரேசரும், தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து கிறிஸ் சீப்ரெக்ட்ஸும் சேர்ந்தார்கள். பொதுவாகப் பெயர் சொல்லப்படுவது இந்த நாலு பேர்தான். ஆனால் அந்த மென்பொருள் ஓடியது, ராத்திரி பகலாகக் காகிதப் படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த எல்டோரெட் பதிவாளர்களால். டாக்டர் பேனாவில் நிரப்புவார், இவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், மறுநாள் நோயாளி வரும்போது சுருக்கம் அச்சாகி மேசைமேல் இருக்கும். டாக்டரின் கையெழுத்தைப் படித்து, "இந்த எடை இருக்கவே முடியாது, போன மாதம் 52 கிலோ" என்று கேட்கிற ஆள் இல்லாவிட்டால் அந்தச் சுருக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

பதவிகள் பற்றிக் கேட்டீர்கள். இம்ப்ளிமென்டர் என்று போட்டிருந்தால், மென்பொருளைக் கொண்டுபோய் ஒரு கிளினிக்கில் நிறுவி, அங்கே இருப்பவர்கள் அதோடு சண்டை போடுவதை நிறுத்தும்வரை கூட இருப்பவர். பிசினஸ் அனலிஸ்ட் என்றால் கிளினிக்கில் நடப்பதைக் கேட்டு எழுதி எங்களுக்குப் புரிய வைப்பவர். கருத்து அகராதி, அதாவது எதை எந்தப் பெயரில் பதிவது என்ற பட்டியல், அதைப் பார்க்கிறவர்கள் தனி ஒரு கூட்டம். காய்ச்சல் என்று நோயாளி சொன்னதும், நர்ஸ் அளந்த வெப்பநிலையும், டாக்டர் எழுதிய நோய்க்கணிப்பும் மூன்று வேறு பதிவா ஒன்றா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் அங்கே கோட்டை விட்டால் பத்து வருடம் கழித்து எந்தக் கணக்கும் எடுக்க முடியாது. அப்புறம் சோதனை செய்பவர்கள், பயிற்சி கொடுப்பவர்கள், இணைய மன்றத்தில் கேள்விக்குப் பதில் எழுதுபவர்கள்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். வேறொரு திட்டத்தில், ஆப்பிரிக்கக் கிளினிக் ஒன்றில் மருத்துவப் பதிவு பார்க்கிற பெண்மணி ஒருவர் கூட்டத்தில் தன் திரையைக் காட்டினார். நாங்கள் அழகாகச் செய்த படிவம். அவர் வைத்திருந்தது சின்ன டேப்லெட், விசைப்பலகை மேலே எழும்பியதும் 'சேமி' பொத்தான் அதன் அடியில் போய்விட்டது. அவர் ஒவ்வொரு முறையும் டேப்லெட்டைக் குறுக்கே திருப்பி, அழுத்தி, மறுபடி நேராகத் திருப்பிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் அப்படித்தான் செய்திருக்கிறார், மென்பொருளே அப்படித்தான் போல என்று நினைத்து. கூட்டத்தில் இருந்த நிரலர்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை, எங்கள் மேசையில் இருப்பது பெரிய திரை.

உங்கள் மூன்று எழுத்துக்கூட்டுப் பாட்டி, பாஸ்போர்ட் மாறிய தொழிலாளி இருக்கிறார்களே, அந்தப் பிரச்சினையோடு உலகம் முழுக்க எல்லாக் குழுவும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பத்தில் அதை இங்கே எழுதியபடியே எழுதுங்கள்.


ஓய்வு_டிரெசர் எழுதியது:

மகளே, உன் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பின்னால் அது செம்பனையாகிவிட்டது, டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் என்பது எங்கள் அதிகாரப்பூர்வப் பெயர். தோட்டத்தில் டிரெசர், சில பாட்டிமார்களுக்கு டாக்டரு.

எங்களுக்கு அச்சடித்த புத்தகம் கொடுப்பார்கள். தேதி, பெயர், வயது, நோய், மருந்து, எத்தனை நாள் லீவு. தோட்ட மேனேஜர் துரைக்குக் கடைசிக் கட்டம் ஒன்றுதான் கண்ணில் படும், காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) எத்தனை ஆள் குறையும் என்பது அவர் கவலை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் புத்தகத்தில் இல்லை. எந்த லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை? அதற்குக் கட்டமே கிடையாது. நானே ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து லயம் நம்பர் எழுத ஆரம்பித்தேன். ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு நிறைய வந்தது. பிள்ளைகள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கண்டதைத் தின்றதுதான் காரணம் என்று கிராணியிலிருந்து கங்காணி வரை எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். என் பென்சில் கட்டத்தைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் கீழ் லயத்தில் அடுத்தடுத்த வீடுகள். அங்கே போய்ப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து கிடந்தது, உள்ளே என்னென்ன விழுந்திருந்தது என்று இங்கே எழுத வேண்டாம்.

உங்கள் குழுக்களில் இந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் இருக்கிறாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தியும் இதே கதைதான். மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1901 முதல் கிள்ளான் பக்கம் சதுப்பை வடியவிட்டு மலேரியாவை அடக்கியதாகப் படிக்கிறோம். பின்னால் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார், அந்தக் கணக்கை வைத்து எந்த லயத்தை மேட்டுக்கு மாற்றுவது, எந்த ஓடையை வெட்டுவது என்று சொன்னார். நல்ல மனிதர், நல்ல வேலை, 1911இல் புத்தகமும் போட்டார். அழுகிற பிள்ளையைப் பிடித்து வரிசையில் நிறுத்திய டிரெசரின் பெயரை மட்டும் நான் எங்கேயும் படித்ததில்லை.

நீ விண்ணப்பம் போடு. அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதே, டிரெசர்மார் பேச்சைத் தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை.


இரவுப்பணி_மிசி எழுதியது:

நான் நர்ஸ், வேலை செய்கிற இடத்தைச் சொல்ல மாட்டேன். கங்சார் அண்ணே எழுதியது கேட்க நன்றாக இருக்கிறது, இன்னொரு பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்களிடம் புதிய சிஸ்டம் வந்தது. வந்த பிறகு பழைய புத்தகம் போகவில்லை! இப்போது இரத்த அழுத்தத்தை அட்டையில் எழுதுகிறோம், பெரிய புத்தகத்தில் எழுதுகிறோம், கம்ப்யூட்டரில் அடிக்கிறோம், மாதக் கடைசியில் அதையே எண்ணி வேறொரு படிவத்தில் மேலே அனுப்புகிறோம். இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிக்குக் காலைப் பார்க்க வேண்டும், புண் இருக்கிறதா, விரலிடுக்கு எப்படி இருக்கிறது, தொட்டால் உணர்வு தெரிகிறதா என்று. அதற்கு வேண்டிய நேரத்தை இந்தக் கம்ப்யூட்டர் தின்றுவிடுகிறது. திரையில் 'கால் பரிசோதனை செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் விடாது. என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது நமக்குச் சின்ன விஷயமா? 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31. மலர் கவுண்டரில் தினமும் பார்ப்பது அந்தக் கூட்டத்தைத்தான்.

வெளிநாட்டுக் கதை ஒன்று நானும் சொல்கிறேன், எங்கள் பயிற்சியில் ஒரு டாக்டர் சொன்னது, பிறகு நானே தேடிப் படித்தேன். கண்ணின் பின்பக்கத்தைப் படமெடுத்தால் இனிப்புநீரால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவை கூகுள் செய்தது. 2016இல் கட்டுரை வந்தது. ஒரு லட்சத்து 28 ஆயிரம் படங்கள், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்துத் தரம் போட்டது 54 கண் டாக்டர்கள். மிஷின் தானாகக் கற்றுக்கொண்டது என்று பேப்பரில் போடுவார்கள், அந்த 54 பேர் கண் வலிக்க உட்கார்ந்ததைப் போட மாட்டார்கள். சரி, அது வேறு பேச்சு.

அதைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கொண்டுபோய் வைத்தார்கள், பத்தும் தானி, சியாங் மாய் பக்கம். ஆய்வுக்கூடத்தில் பிரமாதமாக ஓடிய சாதனம் அங்கே முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று தள்ளிவிட்டது. காரணம் என்ன தெரியுமா, நிறைய இடங்களில் படமெடுக்கும் அறை போதுமான அளவு இருட்டாக இல்லை. வேறு வேலைக்கும் அதே அறைதான். நர்ஸ் கண்ணால் பார்த்தால் 'இந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை' என்று தெரிகிறது, மிஷின் படத்தை ஏற்காததால் நோயாளி வேலையை விட்டுவிட்டுத் தொலைவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம் இணையம் போய்விட்டது, 200 பேர் பார்க்க வேண்டிய நாளில் 100 பேர்தான் பார்க்க முடிந்தது. ஒரு விஷயத்தில் கூகுளைப் பாராட்ட வேண்டும், ஆள் அனுப்பி நர்ஸ்களோடு உட்கார வைத்துப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் 2020இல் கட்டுரையாகவே போட்டுவிட்டார்கள்.

அந்த அறையில் இருட்டு போதாது என்று அந்த நர்ஸ்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். திட்டம் போடும்போது அவர்களில் ஒருவர் மேசையில் இருந்திருந்தால் ஒரு திரைச்சீலையோடு பாதி பிரச்சினை போயிருக்கும். மலர், நீ போனால் சும்மா 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டு இருக்காதே. அப்படி இருப்பதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கும்.


பாசார்_பெஞ்ச் எழுதியது:

எல்லாரும் கதை சொல்லிவிட்டீர்கள், பணத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெண் வேலை நிரந்தரமா என்று கேட்டிருக்கிறாள்.

நிரந்தரம் இல்லை. இந்தக் குழுக்கள் பெரும்பாலும் நன்கொடைப் பணத்தில் ஓடுபவை, இரண்டு வருடம் மூன்று வருடம் என்று திட்டம், திட்டம் முடிந்தால் ஒப்பந்தம் முடிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தி வைத்தது நினைவிருக்கிறதா? அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் பணத்தில் இருந்தவர்கள் சில வாரங்களிலேயே வேலை போய் வீட்டுக்குப் போனார்கள். டிஎச்எஸ் என்று ஒரு கணக்கெடுப்பு, 1984 முதல் 90 நாடுகளுக்கு மேல் குழந்தை இறப்பு, தடுப்பூசி, தாய்மார் நலம் என்று எடுத்து வந்தது, அதையே பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய மரமே சாய்ந்தது. ஜூலை முதல் தேதியோடு யுஎஸ்எய்டே தனி அமைப்பாக இல்லாமல் போனது.

ஆகவே சிப்புட் கவுண்டர் வேலையை விடும் முன் மூன்று விஷயம் கேள். பணம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகக் காப்புறுதி) கட்டுவார்களா இல்லை சுயதொழில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்களா. கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய பேர் முழிப்பார்கள்.

இன்னொன்று, மோசடி. வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை என்று நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். பயிற்சிக் கட்டணம், டெபாசிட், வங்கி அட்டை என்று எதைக் கேட்டாலும் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்.

ஜெனீவா ஆட்களையும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தலைமை அறிவியலாளர் என்ற பதவியை உருவாக்கி முதல் ஆளாக உட்கார வைத்தது நம் சென்னைக்கார சௌமியா சுவாமிநாதனை. குழந்தை மருத்துவர், காசநோய் ஆராய்ச்சியில் பல வருடம் இருந்தவர், டிஜிட்டல் சுகாதாரத் துறையும் அவர் பொறுப்பில்தான் வந்தது. அதே வருடம் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில் பத்தே பத்துப் பரிந்துரைகள்தான், செயலி செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று குதிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. 2022இல் அந்தத் துறைக்கு இயக்குநராக வந்த அலென் லப்ரீக் தொற்றுநோயியல்காரர், வங்காளதேசக் கிராமங்களில் தாய்சேய் நல ஆராய்ச்சி செய்தவர். இவர்களும் கம்ப்யூட்டர் ஆட்கள் இல்லை. உன் அண்ணனிடம் காட்டு.


யாழ்_டு_ஈப்போ எழுதியது:

பாசார் அண்ணே சொன்ன பண விஷயம் முழுக்கச் சரி. ஆனால் எல்லாக் குழுவும் அமெரிக்கப் பணத்தை நம்பி இல்லை, டிஎச்ஐஎஸ்2 பற்றி யாரும் சொல்லவில்லையே, கிளினிக்குகளின் சுகாதார எண்களைச் சேர்த்துப் பார்க்கிற திறந்த மூல மென்பொருள் அது.

நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு 1990களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அதுவரை வெள்ளையருக்கு ஒரு கணக்கு, கறுப்பருக்கு ஒரு கணக்கு என்று சுகாதாரத் துறையே துண்டு துண்டாக இருந்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்ன் பிராவும் கேப் டவுன் ஆட்களும் சேர்ந்து முதலில் செய்தது எந்தெந்த எண்களை எடுப்பது என்று கிளினிக் ஆட்களோடு உட்கார்ந்து பேசியதுதான், மென்பொருள் அதற்குப் பிறகு. டிரெசர் ஐயா கேட்டாரே, அந்தப் பென்சில் கட்டம், அவர்கள் ஆரம்பித்ததே அங்கேதான். எழுதுகிற கிளினிக்குக்கே அந்த எண் முதலில் பயன்பட வேண்டும், மேலே அனுப்புவது இரண்டாவது என்பது அவர்கள் பிடிவாதம். இரண்டாம் பதிப்பு 2006இல், முதலில் இறங்கிய இடம் கேரளா. இன்று 70 நாடுகளுக்கு மேல் ஓடுகிறது.

எங்கள் இலங்கைக்காரர் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகம் டாக்டர்களுக்கே மருத்துவத் தகவலியலில் முதுகலைப் படிப்பு வைத்திருக்கிறது. அதில் படித்து வந்த டாக்டர்கள் சுகாதார அமைச்சிலேயே இருந்தார்கள். 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து கோவிட் செய்தி வந்ததும், விமான நிலையத்தில் இறங்குகிறவர்களைப் பதிந்து பின்தொடர அதே டிஎச்ஐஎஸ்2இல் சில நாட்களில் ஒன்றைச் செய்துவிட்டார்கள். அதைப் பொதுவில் போட்டதும் ஒஸ்லோ அதையே எடுத்து மற்ற நாடுகளுக்கும் தொகுத்துக் கொடுத்தது. வெளியிலிருந்து நிபுணர் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. விமான நிலையத்தில் எந்த மேசையில் எந்த அதிகாரி எந்தத் தாளைக் கேட்பார் என்று தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

தங்கச்சிக்கு வேலைக்கான வழி. டிஎச்ஐஎஸ்2க்கு யாரும் பழகிப் பார்க்க இலவச விளையாட்டு மைதானம் மாதிரி ஒரு தளம் இருக்கிறது, சியரா லியோன் நாட்டின் பெயரில் மாதிரித் தரவு போட்டு வைத்திருப்பார்கள். அதில் ங்கெலெஹுன் என்று ஒரு சின்ன சுகாதார நிலையம் வரும். உலகத்தில் இந்த மென்பொருள் படித்த எவரைக் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும், எங்களுக்கெல்லாம் சொந்த ஊர் மாதிரி. அங்கே போய் ஒரு மாதத் தடுப்பூசி எண்களை நிரப்பு, ஒரு வரைபடம் எடு, தப்பான எண் ஒன்றை வேண்டுமென்றே போட்டு அது பிடிக்கிறதா என்று பார். இணையவழி அடிப்படைப் பாடங்களும் உண்டு. ஓப்பன்எம்ஆர்எஸ்க்கும் இப்படி ஒரு மாதிரித் தளம் இருக்கிறது. அதில் உன் மூன்று எழுத்துக்கூட்டுப் பாட்டியைப் பதிந்து பார், சிஸ்டம் 'இவர் ஏற்கெனவே இருக்கிறாரே' என்று கேட்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள். அதை நேர்முகத்தில் சொன்னால் சான்றிதழைவிட அதிகம் மதிப்பார்கள். நேர்முகம் எடுக்கிற பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.


கங்சார்_ஜாவா மீண்டும்:

யாழ் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவின் மென்பொருள் திறந்த மூலமா என்று பாருங்கள். திறந்த மூலம் என்றால் நிரலைப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்திலும் அவர்கள் மன்றத்திலும் யார் என்ன எழுதுகிறார்கள், எப்போது கடைசியாக எழுதினார்கள் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். சிரித்த முகங்கள் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு அங்கே போங்கள். கிளினிக்கிலிருந்து ஒருவர் 'இது வேலை செய்யவில்லை' என்று எழுதினால் எத்தனை நாளில் பதில் வருகிறது, பதிலில் மரியாதை இருக்கிறதா, 'நீங்கள்தான் தப்பாக அழுத்தினீர்கள்' என்று வருகிறதா என்று பார்த்தால் குழு எப்படிப்பட்டது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

நேர வித்தியாசத்தையும் மறக்க வேண்டாம். ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும் சேர்ந்து பேச வசதியான நேரம் நமக்கு ராத்திரி. பத்து மணிக்கு மேல் கூட்டம், காலையில் கவுண்டர் என்றால் உடம்பு தாங்காது.


சிப்புட்மலர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணனிடம் இந்தப் பக்கத்தையே அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

கங்சார் அண்ணே சொன்னபடி அவர்கள் மன்றத்தைப் போய்ப் பார்த்தேன். மென்பொருள் திறந்த மூலம்தான். பாதிக்கு மேல் கேள்வி கேட்பவர்கள் கிளினிக் ஆட்கள், பதில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுகிறது, ஒரே ஒரு ஆள் மட்டும் எல்லாருக்கும் 'கையேட்டைப் படியுங்கள்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். பாசார் அண்ணன் சொன்ன மூன்று கேள்வியையும் மின்னஞ்சலில் கேட்டேன். பணம் ஓர் ஐரோப்பிய அறக்கட்டளையுடையது, இரண்டு வருடம் என்று உடனே சொன்னார்கள். இபிஎஃப் பற்றி விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். முழித்திருக்கிறார்கள் போல.

ங்கெலெஹுனுக்கும் போனேன்! தப்பான எண் போட்டுப் பார்த்தேன், ஒரு இடத்தில் பிடித்தது, ஒரு இடத்தில் விட்டுவிட்டது. பாட்டியை ஓப்பன்எம்ஆர்எஸ் மாதிரித் தளத்தில் இன்று ராத்திரிதான் பதிய வேண்டும்.

டிரெசர் ஐயா, ஒரு கேள்வி. ஓரத்தில் கோடு போட்ட அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே?


ஓய்வு_டிரெசர் எழுதியது:

தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் கட்டடத்தோடு போய்விட்டன மகளே. ஒன்றிரண்டு என்னிடம் இருக்கிறது, கொடுக்காமல் வைத்துக்கொண்டேன், சட்டப்படி கூடாதுதான். நோயாளி பெயர் இருப்பதால் படமெடுத்து இங்கே போட மாட்டேன். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போ, அந்த மிசியும் வருவதானால் வரட்டும், கட்டம் எப்படிப் போடுவது என்று அவளுக்கும் என்னோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கும்.


இரவுப்பணி_மிசி எழுதியது:

ஞாயிறு எனக்கு மாலை ஷிஃப்ட். காலை பத்துக்கு என்றால் வருகிறேன் ஐயா. அந்த 'கால் பரிசோதனை' கட்டத்தை அச்செடுத்துக் கொண்டுவருகிறேன்.